செயலியா, நினைவகமா?

சென்ற திங்கள் நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடிந்து, அன்பர்கள் தேநீர் அருந்திக் கலைந்துகொண்டிருந்த வேளையில், மட்டாஞ்சேரி பஜார் சாலையிலுள்ள ஒரு கிடங்கில் பல்லாண்டுகளாகப் பணியாற்றிவரும் அன்பர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்துச் சென்றார். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நம் கையில் கொடுத்தார். மேல்நிலைப் பள்ளியில் முதலாண்டு பயிலும் அவருடைய மகன், தனக்கு வேண்டிய கணிப்பொறியின் உறுப்புக்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எதிரே விலையும் குறித்து, அடியில் கூட்டுத்தொகையும் போட்டிருந்தான். தொகை ரூ. 34,850. அன்பர் சீட்டு எடுத்து வைத்திருந்த பணம் ரூ. 35,000. திரைக்குப் பழைய தொலைக்காட்சிப் பெட்டியே போதும் என்று பையனே சொல்லிவிட்டானாம்.

“ஐயா, பணம் போனால் இன்னும் இரண்டாண்டு சீட்டுக் கட்டி எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இருக்கும் ஐயம் வேறு. குறைந்த விலைப் பொருளை வாங்கி, உள்ளே ஏதோ திருகிவிட்டால் கூடுதல் விலைப் பொருளைப்போல் ஓடும் என்கிறான். இது களவு ஆகாதா? நாளை யாரேனும் வந்து கேட்டால் நான் என்ன சொல்வது?” என்றார் அன்பர்.

இப்படி ஒரு கேள்வியை நாம் எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகள் எத்தனையோ பேர் நம்மிடம் மிகைவேகம் பற்றிக் கேட்டதுண்டு. அது நேர்மையா என்று கேட்டவர் இவர் ஒருவரே. ஆதலின் இத்திங்கள் இப்பகுதியை அவருக்கு விடை கூறவும், அவர் மகனுடைய பட்டியலைத் திருத்தவும் பயன்படுத்திக்கொள்கிறோம். பட்டியலை வெளியிட அன்பர் இசைந்தார். பெயரை வெளியிட நாம் இசையவில்லை.

முதலில் நேர்மையைப் பற்றி. கிடங்கில் பணியாற்றும் ஒருவருக்கு இதனை விளக்க நூல்களைத் தேடவேண்டுவதில்லை. ஒரே கொடியில் காய்த்த மிளகுதான். சல்லடையில் இட்டுச் சலிக்கும்போது 4.25 மில்லிமீட்டர்க் கண்ணில் தங்கியது தலைச்சேரிப் பெருமணி என்று ஒரு விலைக்குப் போகிறது. தங்காதது மலபார் முதல் தரம் என்று வேறொரு விலைக்குப் போகிறது. 1957-ஆம் ஆண்டு முதல் யூதத் தெருவில் மிளகு வணிகர் சங்கம் வீற்றிருக்கும் ஊரில் வாழும் நமக்கு இது தெரியாததன்று. செயலிகளும் இவ்வாறே பிறக்கின்றன. ஒரே சிலிக்கான் தகட்டில் நூற்றுக்கணக்கான செயலிகளை ஒருங்கே பொறிக்கின்றனர். அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து, விரைந்து ஓடுபவை, சற்று மெதுவாக ஓடுபவை, ஓரிரு கருக்கள் பழுதானவை என்று பிரித்து, வெவ்வேறு பெயரும் விலையும் இடுகின்றனர். பெருமணிக்குக் கேட்பார் குறைந்து சிறுமணிக்குக் கேட்பார் மிகுந்தால் வணிகர் என்ன செய்வார்? நல்ல சரக்கையே சிறுமணிச் சாக்கில் கட்டி அனுப்புவார். செயலி செய்வோரும் அதையே செய்து வந்தனர். விலை குறைந்த சாக்கில் தற்செயலாக அகப்பட்ட பெருமணியை இனங்கண்டு பயன்கொள்வதே மிகைவேகம் எனப்படும் ஓவர்க்ளாக்கிங். வாங்கியவன் தன் பொருளைத் தன் வீட்டில் எவ்வாறு ஓட்டினாலும் அதில் களவு ஏதும் இல்லை. சிறுமணியைப் பெருமணி என்று மற்றொருவர்க்கு விற்றால்தான் களவு. ஒன்றுமட்டும் உண்டு: பொறித்த வேகத்தை மீறி ஓட்டிப் பொருள் கெட்டால், உற்பத்தியாளர் கொடுத்த பொறுப்புறுதி நமக்கு உதவாது.

இக்கலை உலகெங்கும் பேர்பெற்றது 1998-ஆம் ஆண்டில் என்று சொல்லலாம். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் இன்டெல் நிறுவனம் செலரான் 300ஏ என்றொரு மலிவுச் செயலியை வெளியிட்டது. அதற்குச் சில மாதங்கள் முன் வந்த முதற் செலரானில் இரண்டாம் நிலை இடைநினைவகம் அறவே இல்லை. அது எவருக்கும் சுவைக்கவில்லை. 300ஏ-யிலோ 128 கிலோபைட் இடைநினைவகம் செயலியின் உள்ளேயே அமைந்து, செயலியின் முழுவேகத்தில் ஓடிற்று. அதன் பெருக்கெண் 4.5. பலகையின் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ் ஆனபடியால் வேகம் 300. பலகையில் துடிப்பை 100 ஆக மாற்றினால் 4.5 மடங்கில் 450 ஆயிற்று. மலிவுச் செயலி ஒன்று அன்றைய உயர்ந்த விலைச் செயலிக்குத் தோள்கொடுத்து ஓடிற்று. கூடுதல் வேகம் நூற்றுக்கு ஐம்பது. பையன்கள் இன்றும் அந்தக் கதையைக் கேட்டே மயங்குகின்றனர்.

ஆனால் அந்தச் சாக்கை இப்போது எவரும் அவிழ்த்து விற்பதில்லை. இன்றைய செயலி தன் சூட்டையும் மின்னோட்டத்தையும் நொடிக்குப் பலமுறை தானே அளந்து, இடம் உள்ளவரை தானே வேகத்தை ஏற்றிக்கொள்கிறது. அன்பர் மகன் எழுதியிருந்த ரைசன் வரிசைச் செயலிகளையே எடுத்துக்கொள்வோம். 3.9 கிகாஹெர்ட்ஸ் என்று பொறித்த ரைசன் 5 5600ஜி, நம் உதவியின்றியே 4.4 வரை எட்டும். நாம் அரும்பாடுபட்டு 4.6-இல் நிறுத்தினால் கிடைப்பது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. அந்த ஐந்துக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? செயலி உமிழும் சூடு வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தோடு இருமடி விகிதத்திலும் ஏறுகிறது. வேகத்தை 5 விழுக்காடும் அழுத்தத்தை 10 விழுக்காடும் கூட்டினால், 1.05-ஐ 1.21-ஆல் பெருக்கிப் பாருங்கள்: சூடு ஏறத்தாழ 27 விழுக்காடு மிகுகிறது. ஐந்து வாங்க இருபத்தேழு கொடுக்கும் வாணிகம் மட்டாஞ்சேரியில் எந்தக் கடையிலும் நடவாது.

இனிப் பட்டியலுக்கு வருவோம். பையன் எழுதியிருந்தவை: ரைசன் 7 5700ஜி செயலி, ஏ520 வகைத் தாய்ப்பலகை, 2666 வேகத்தில் 8 கிகாபைட் நினைவகம் ஒரே பட்டை, பெயர் அறியா நிறுவனம் ஒன்றின் மின்வழங்கி, மற்றவை வழக்கமானவை. தனியாக வரைகலை அட்டை இல்லை. ஏனெனில், ஜி என்று முடியும் செயலிகளுக்குள் வரைகலைப் பகுதியும் உடனமைந்துள்ளது. அதுவரையில் பையன் அறிவோடுதான் தேர்ந்திருக்கிறான். அவனுடைய நோக்கங்கள் இரண்டு: பள்ளி விழாக்களில் எடுத்த ஒளிப்படங்களை வெட்டி ஒட்டித் தொகுப்பது ஒன்று, விளையாட்டு மற்றொன்று. இரண்டாவதைத் தந்தையிடம் சொல்லவில்லை, நம்மிடம் சொன்னான்.

பட்டியலில் முதற்குறை தாய்ப்பலகை. ஏ520 பலகையில் செயலியின் பெருக்கெண்ணைத் தொட வழியே இல்லை, ஏ320-உம் அப்படியே. மிகைவேகத்துக்கென்று எழுதிய பட்டியலில், மிகைவேகத்துக்கு இடந்தராத பலகையைச் சேர்த்திருக்கிறான்! 2018-இல் வந்த பி450, 2020-இல் வந்த பி550 ஆகிய வகைகளில் அந்த வழி உண்டு. இன்டெல் பக்கம் போனால் இக்கட்டு இன்னும் பெரிது: பெருக்கெண் திறந்த செயலிக்குக் கே என்ற எழுத்தும், பலகைக்கு இசட் என்ற எழுத்தும் வேண்டும், இரண்டும் விலை மிக்கவை. ஆயினும் 2021-இல் வந்த பி560 முதலாக, அங்கும் நடுத்தர விலைப் பலகைகளில் நினைவகத்தை மட்டும் விரைவாக ஓட்ட இசைவு தந்துள்ளனர். எச்610 போன்ற அடிநிலைப் பலகைகளில் அதுவும் இல்லை.

இரண்டாவது குறையே பெரிய குறை. அதனை விளக்கப் பையனையும் தந்தையையும் உடன்வைத்துக்கொண்டு கிடங்கிலிருந்தே உவமை எடுத்தோம். உள்ளே ஆறு பேர் அமர்ந்து மிளகு பொறுக்குகின்றனர். தோணித்துறையிலிருந்து மூட்டை கொண்டுவருவது ஒரே கைவண்டி. ஆறு பேரும் எத்துணைக் கைவேகம் உடையவராயினும், வண்டி வரும்வரை வெற்றிலை மென்றுகொண்டுதான் இருக்கவேண்டும். பொறுக்குவோரை எட்டாக்கினால் வெற்றிலை மெல்வோர் எட்டாவர், வேலை கூடாது. செயலி பொறுக்குவோர், நினைவகம் வண்டி. அதிலும் வரைகலைப் பகுதி செயலிக்குள்ளேயே இருக்கும் கணிப்பொறியில், அதே வண்டியை நம்பி மற்றொரு குழுவும் மறுவாயிலில் காத்திருக்கிறது. தனி வரைகலை அட்டைக்குத் தனக்கென்று நினைவகம் உண்டு, இதற்கு இல்லை.

தந்தை உடனே, “அப்படியானால் இரண்டு வண்டி போடவேண்டும்” என்றார். அவர் கணிப்பொறி கற்றவரல்லர்.

இதனைக் கணக்கிலும் பார்க்கலாம். 2666 வேகத்து டி.டி.ஆர்.4 பட்டை ஒன்று, ஒரு தடவைக்கு 8 பைட் வீதம், நொடிக்கு ஏறத்தாழ 21.3 கிகாபைட் கொண்டுவரும். அதே வேகத்தில் இரண்டு பட்டைகளை உரிய இரு துளைகளில் இட்டால் 42.6. இரண்டு பட்டைகளும் 3200 வேகத்தில் ஓடினால் 51.2, 3600-இல் ஓடினால் 57.6. ஒற்றைப் பட்டையோடு ஒப்பிட்டால் இரண்டே முக்கால் மடங்குக்கும் கொஞ்சம் குறைவு. செயலியைத் திருகிக் கிடைத்த ஐந்து விழுக்காட்டை இதன் அருகே வைத்துப் பாருங்கள். இந்தப் பெருக்கம் முழுவதும் அப்படியே விளையாட்டின் வேகமாகிவிடாது என்பது உண்மைதான். ஆனாலும், செயலிக்குள் அமைந்த வரைகலைக்கு இதைப்போல் கைகொடுப்பது வேறொன்றும் இல்லை.

பட்டையில் வேகத்தோடு சி.எல். என்று மற்றோர் எண்ணும் இருக்கும். கேட்ட பொருள் வந்துசேர எத்தனை துடிப்புக் காத்திருக்கவேண்டும் என்பதை அது குறிக்கும். அந்த எண்ணை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் காத்திருப்பு நானோநொடியில் கிடைக்கும். 3200-இல் 16 என்றால் 10 நானோநொடி. 3200-இல் 22 என்றால் 13.75, 3600-இல் 18 என்றால் மறுபடியும் 10. ஆகவே 3200 என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்குவோர், 16-க்கும் 22-க்கும் உள்ள வேற்றுமையைக் கடைக்காரர் சொல்லாமலே விட்டுவிடக்கூடும் என்பதை நினைவிற் கொள்க. பட்டைகளை இணையாக, ஒரே உறையில் விற்றதாக வாங்குவது நலம்.

இங்கே ஒரு செய்தியை நேயர்களுக்குச் சொல்லவேண்டும். 3200 என்று எழுதிய பட்டையை வாங்கிச் செருகினால் அது 3200-இல் ஓடிவிடும் என்பது பலருடைய நம்பிக்கை. ஓடாது. அத்தகைய பட்டைகளுட் பல, முதல் இயக்கத்தில் 2133 அல்லது 2400 போன்ற பொதுவேகத்திலேயே எழும். கணிப்பொறி எழும்போது பயாஸ் திரைக்குள் புகுந்து, எக்ஸ்.எம்.பி. என்ற ஒரு வரியை இயக்கினால்தான் பட்டையில் எழுதிய வேகம் கிட்டும். இதனை அறியாமல், பணங்கொடுத்து வாங்கிய வேகத்தை ஆண்டுக்கணக்கில் பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்போர் நம்மிடையே உண்டு. இதனைப் படித்த கையோடு வீட்டில் உள்ள கணிப்பொறியைப் பார்த்துவிடலாம். ஒரு காசும் செலவில்லை.

இவ்வளவும் சொல்லி முடித்தபின், பையன் மெல்ல ஒரு கேள்வி கேட்டான்: “மாமா, நினைவகம் இப்போது என்ன விலை என்று தெரியுமா?”

தெரியும். அவன் ஒற்றைப் பட்டை எழுதியது அறியாமையால் அன்று, விலையால். 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகத்தின் விலை உலகெங்கும் திடீரென ஏறிற்று. செயற்கை நுண்ணறிவுக்கென்று அமைக்கப்படும் பெரிய கணிப்பொறி நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிச் செல்கின்றன. செய்வோரும் அவற்றுக்குரிய விலைமிக்க வகைகளைச் செய்யவே முந்துகின்றனர். மைக்ரான் நிறுவனம், குரூஷியல் என்ற பெயரில் வீட்டுப் பயனர்க்கு விற்றுவந்த வணிகத்தையே மூடிவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பழைய வகையான டி.டி.ஆர்.4 மலிவாகவே இருக்கும் என்று எண்ணியிருந்தோர்க்கும் ஏமாற்றமே. அதன் உற்பத்தி சுருங்கியதால் அதுவும் ஏறிற்று. உலகின் எங்கோ ஒரு மூலையில் நடக்கும் போட்டிக்கு மட்டாஞ்சேரிச் சீட்டுப் பணம் வரி கட்டுகிறது.

எனவே நாம் செய்த திருத்தம் இது. எட்டுக் கரு உள்ள 5700ஜி-யை விட்டு, ஆறு கரு உள்ள 5600ஜி-க்கு இறங்கினோம். இரண்டும் 2021 ஆகஸ்டில் ஒருங்கே கடைக்கு வந்தவை, வரைகலைப் பகுதியில் ஒன்றுக்கு எட்டுக் கூறு, மற்றதற்கு ஏழு, வேற்றுமை சிறிதே. மிச்சமான பணத்தை அப்படியே நினைவகத்துக்குத் திருப்பினோம். தாய்ப்பலகையையும் நினைவகத்தையும் பழையதாக வாங்குவதென்றும், மின்வழங்கியை மட்டும் எக்காரணங்கொண்டும் பழையதாகவோ பெயரற்றதாகவோ வாங்குவதில்லை என்றும் முடிவு செய்தோம். இயங்குநிரலுக்குச் செலவே இல்லை. கேரளத்துப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வி நெடுநாளாகக் கட்டற்ற மென்பொருளிலேயே நடந்துவருகிறது. லினக்ஸ் அவனுக்குப் பள்ளியிலேயே பழகிய ஒன்று. 5600ஜி-யின் வரைகலைக்கு வேண்டிய இயக்கி லினக்ஸின் உட்கருவிலேயே அமைந்திருப்பதும் வசதி. படத் தொகுப்புக்குக் கேடென்லைவ் போன்ற இலவச நிரல்கள் உள.

தந்தையும் மகனுமாகப் படகேறி எர்ணாகுளம் சென்று, பள்ளிமுக்கில் கடைகடையாக ஏறி இறங்கினர். அங்கே அகப்படாதவற்றைச் சென்னை ரிச்சி தெருவில் உறவினர் மூலம் தேடலாம் என்று சொல்லியிருந்தோம். அதற்குத் தேவை வரவில்லை. பழைய பி450 பலகை ஒன்று கிட்டிற்று. இப்பலகை பிறந்தபோது 5000 வரிசைச் செயலிகள் பிறக்கவில்லை. ஆகையால் பயாஸைப் புதுப்பித்தால்தான் இச்செயலியை அது அடையாளங் காணும். கடையிலேயே புதுப்பித்துத் தரச்சொல்லி, செயலியைச் செருகித் திரையில் காட்டிய பின்பே பணங்கொடுக்குமாறு எழுதியே அனுப்பினோம். நினைவகம் 3200 வேகம், சி.எல். 16, எட்டு கிகாபைட் இரண்டு. பொன்னிறத் தொடுமுனைகளில் பச்சைப்பாசிபோல் கறை படிந்திருந்தால் வாங்கவேண்டாம் என்றும் சொல்லியிருந்தோம். காயலின் உப்புக் காற்று இவ்வூரில் கதவின் கீலையே தின்கிறது. இந்த மெல்லிய தகட்டை விடுமா? இலேசான மங்கலுக்குப் பென்சில் அழிப்பானால் தேய்த்தாலே போதும்.

சூட்டைப் பற்றி இவ்வூர்க்காரர் தனியே கவலைப்படவேண்டும். விசிறி எத்துணை நல்லதாயினும், செயலியை அறையின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோக அதனால் ஆகாது. அறையைக் காட்டிலும் எத்தனை பாகை மேலே நிற்பது என்பதை மட்டுமே அது தீர்மானிக்கும். அறையைவிட 50 பாகை மேலே நிற்கும் செயலி, 20 பாகையுள்ள உதகை வீட்டில் 70-இல் நிற்கும். 33 பாகையுள்ள மட்டாஞ்சேரி அறையில் 83-ஐத் தொடும். 5600ஜி-க்கு வரம்பு 95. அதனை நெருங்கினால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது நாம் ஏற்றிய வேகம் எங்கே போயிற்று என்று தேடவேண்டியதுதான். கிடங்குத் தெருவில் குடியிருப்போர்க்கு மிளகுத் தூசும் மஞ்சள் தூசும் வேறு. பெட்டியின் முன்வலையை மாதம் ஒருமுறை கழற்றித் தூரிகையால் தட்டுக. வேலியிலுள்ள தோபி கானாவில் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்துவரும் நம் குடும்பங்களில், கரிப்பெட்டியின் சூட்டை உள்ளங்கையை அருகே காட்டியே அறிந்து, பட்டுக்கு இவ்வளவு, பருத்திக்கு இவ்வளவு என்று நிறுத்தும் முதியோர் உள்ளனர். மின்னழுத்தத்தைக் கூட்ட விரும்பும் பிள்ளைகள், ஒருநாள் அவர்கள் அருகே நின்று பார்த்துவிட்டு வரலாம். டி.டி.ஆர்.4 நினைவகத்தின் பொது அழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்.எம்.பி. வேகத்துக்கு 1.35. அதற்குமேல் வீட்டில் போகவேண்டாம் என்பது நம் கருத்து.

இவ்வளவு எச்சரிக்கை ஏன் என்று கேட்கலாம். நாம் பட்டறிந்ததால் என்க. சில ஆண்டுகளுக்கு முன், நம் சங்க அலுவலகக் கணிப்பொறியின் நினைவகத்தை, எழுதியுள்ள வேகத்துக்கு மேலே நாமே ஏற்றி வைத்தோம். இயந்திரம் எழுந்தது, நன்றாகவே ஓடிற்று. அவ்வளவில் மகிழ்ந்து, சோதனை ஏதும் செய்யாமல் விட்டோம். மழைக்கு ஒழுகும் கட்டடக் கூரையைச் செப்பனிட அப்போது நன்கொடை திரட்டிக்கொண்டிருந்தோம். அச்சாகி வந்த சுற்றறிக்கையில் “கூறை நிதி” என்றிருந்தது. கூறைப் புடவை யாருக்கு, மணமகள் யார் என்று கேட்டு அன்பர்கள் நம்மை ஒரு மாதம் விடவில்லை. மெய்ப்புப் பார்த்த பெண்ணைக் கடிந்துகொண்டோம். ‘ரை’ என்றே தான் பார்த்ததாக அவள் சொன்னதை நாம் ஏற்கவில்லை. பத்து நாள் கழித்து, குடும்பங்களின் முகவரிப் பட்டியல் அடங்கிய கோப்பு திறக்கவே மறுத்தது. பழைய அச்சுப்படியைத் தேடியெடுத்து முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்ய மூன்று ஞாயிறுகள் ஆயின. அதன் பின்பே மெம்டெஸ்ட் 86 பிளஸ் என்ற இலவசச் சோதனை நிரலை ஓட்டினோம். கால்மணி நேரத்தில் திரை முழுதும் செவ்வரிகள்.

தமிழ் எழுதுவோர் அறியத்தக்க ஒரு நுட்பம் இதில் உண்டு. கணிப்பொறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. யூனிகோடு முறையில் ரகரத்தின் எண் 2992. றகரத்தின் எண் 2993. இருமக் குறியில் எழுதினால் கடைசி இடத்தில் ஒன்றில் சுழியம், மற்றதில் ஒன்று. வேறு வேற்றுமையே இல்லை. லகர ளகரங்களும் நகர னகரங்களும் இவ்வாறே அடுத்தடுத்து நிற்பவை. நினைவகம் தன் அளவை மீறி ஓடுகையில் ஒரே ஒரு துகள் புரண்டால் கூரை கூறையாகும், விலை விளையாகும், கல் கள்ளாகும். இயந்திரம் நிற்காது; எச்சரிக்காது; பிழையோடு சேமித்துவிடும். நம் சுற்றறிக்கையிலிருந்த அந்த ஒரு றகரம் நினைவகத்தால் வந்ததா, விரலால் வந்ததா என்று இன்று எவராலும் ஆணையிட்டுக் கூற இயலாது. ஆயினும் அப்பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் சிரித்துவிட்டு, “அடுத்த தடவை கணிப்பொறியையும் மெய்ப்புப் பாருங்கள்” என்றாள்.

செயலி அளவை மீறினால் பெரும்பாலும் இயந்திரம் நின்றுவிடும். குற்றவாளி உடனே அகப்படுவான். நினைவகம் அளவை மீறினால் வாரக்கணக்கில் அமைதியாகக் கெடுத்துக்கொண்டே இருக்கும். திருமணப் படங்கள், சான்றிதழ்ப் படிகள், ஊரிலிருந்து வந்த கடிதங்களின் நகல்கள் ஆகியவை இருக்கும் குடும்பக் கணிப்பொறியில், ஓர் இரவு முழுதும் சோதனை ஓட்டிப் பிழை ஒன்றும் இல்லை என்று கண்ட பின்பே அந்த வேகத்தை ஏற்பது என்பதைப் பையனிடம் நிபந்தனையாகவே வைத்தோம். ஒரு பிழை என்றாலும் பிழையே. “ஒன்றுதானே” என்ற பேச்சுக்கு இடமில்லை.

பையன் வேலையில் கெட்டிக்காரன். எக்ஸ்.எம்.பி. இயக்கி 3200-இல் முதலிரவு; பிழை இல்லை. சி.எல். எண்ணை 18 ஆக்கி, 3600-இல் இரண்டாமிரவு, பிழை இல்லை. மூன்றாம் நாள் நம்மைக் கேளாமலே 3800-க்கு ஏற்றியிருக்கிறான். நள்ளிரவு கடந்து, தந்தை தண்ணீர் குடிக்க எழுந்தபோது திரையில் சிவப்பு வரி ஒன்று நின்றிருந்ததாம். அதன் பொருள் அவருக்கு இப்போது தெரியும். மகனை எழுப்பினார். “ஒன்றுதானே அப்பா” என்றிருக்கிறான் தூக்கக் கலக்கத்தில். அவர் விளக்கைப் போட்டு, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்து, அவன் 3600-க்குத் திரும்பி மறுபடி சோதனையைத் தொடங்கும்வரை எழுந்திருக்கவில்லை.

செயலியின் பெருக்கெண்ணை அவன் இன்னும் தொடவில்லை. பங்குனி வெயில் கழியட்டும், மழைக்காலத்தில் பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.